அவர் வாயால் சொல்லட்டும்

இவருடைய கார் நிற்கும் இடத்தில் அன்று காலை புல்வெட்டும் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. மேலே தார்ப்பாய், சக்கரங்களுக்கு முட்டுக்கல் எல்லாம் வைத்து, பிறந்ததிலிருந்தே அங்கேதான் குடியிருக்கிற மாதிரி ஜம்பமாக உட்கார்ந்திருந்தது. சுவரில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று இந்த ஊர் எழுத்தில் எழுதியிருந்த தகட்டைக் காணவில்லை. திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் நாலு மூலையிலும் இருந்தன. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் கண்ணாடியை இறக்கி, இயந்திரத்தை ஒருதரம் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடியை ஏற்றினார்.

"வெளிய ரோட்டுல போட்டுக்கலாம்."

"எதுக்கு? அதை ஒரு தள்ளு தள்ளிட்டு இங்கயே போடறேன். அடிபட்டாலும் கிளப் குடுத்த காருதான?"

"அவசரப்பட்டு காலை விடாத," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூட இவர் வாயால் கேட்டதில்லை. இவர் கால்பந்தாட்டக்காரர், அதிலும் டிஃபெண்டர். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கோல் போடவிடாமல் தடுத்தவன் சட்டையிலிருக்கிற சேற்றைத் தட்டிக்கொண்டு தானே நடந்து வருவான். அந்த மாதிரி நடந்து வந்தே ஒரு வாழ்நாளை ஓட்டியவர் இவர். எதிராளி பந்தோடு நேராக வரும்போது கத்துக்குட்டி டிஃபெண்டர் உடனே காலை நீட்டிவிடுவான். வருகிறவன் காத்திருப்பதே அதற்குத்தான், பந்தைச் சட்டென்று ஒதுக்கிக்கொண்டு போய்விடுவான். இவர் நீட்ட மாட்டார். உடம்பை ஒருக்களித்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போவார். அவன் நின்றால் நிற்பார், அவன் ஆட்டங்காட்டினால் சும்மா பார்ப்பார். கடைசியில் பொறுமை போய் அவன்தான் எதையாவது செய்வான், பந்து இவரிடம் வந்துவிடும். வீட்டுச் சண்டையிலும் இதே கதைதான். நான் கத்துவேன், இவர் ஓர் அடி பின்னால் போவார். இன்னும் கத்துவேன், இன்னும் ஓர் அடி. கடைசியில் நானே ஏடாகூடமாக எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வேன்.

ரசிகர்கள் இவருக்கு 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஒரு பத்திரிகைக்காரன் 'பூட்டு துருப்பிடித்தது' என்று தலைப்பே போட்டான். அந்த ஆளை நான் இன்றைக்குப் பார்த்தாலும் சும்மா விடமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய கூத்து அதற்கப்புறம் நடந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் விளையாடிய கிளப். ஒருநாள் காலை பயிற்சிக்குப் போகிறார், உடை மாற்றும் அறையில் இவர் கொக்கியில் வேறு ஒருத்தனுடைய சட்டை தொங்குகிறது, கீழே அவனுடைய பூட்ஸ். யாரும் எதுவும் சொல்லவில்லை. கூட ஆடிய பயல்கள் எல்லாரும் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்களாம். இவர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். "என்னங்க சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று கேட்டேன். "இன்னைக்கு லீவு," என்றார். அந்த லீவு அப்படியே ரிட்டயர்மெண்ட் ஆகிவிட்டது.

பிறகுதான் பயிற்சியாளர் வேலை. உள்ளூரில் சின்னச் சின்ன கிளப்கள், அப்புறம் கடல் தாண்டி ஒரு நாடு, அங்கிருந்து இன்னொன்று, கடைசியில் இந்த ஊர். பேங்கில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான், வேலையை விட்டுவிட்டு இவர் பின்னாலேயே வந்தேன். மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு இவரால் கார் ஓட்ட முடியாது என்பதால் போகிற ஊரிலெல்லாம் நான்தான் டிரைவர். ஒவ்வொரு ஊரிலும் யாரோ வாங்கிய நாற்காலி, யாரோ பிடி உடைத்த வாணலி, யாருக்கோ பிடித்த நிறத்தில் திரைச்சீலை. எல்லாம் பழகிவிட்டது. கூடவே இவருக்கு உதவியாளராகத் தம்பியும் வந்தான். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. இவருடைய பழைய கிளப்பில் ஃபார்வர்டாக ஆடியவன். ஆட்டம் முடிந்துபோய், வேலையில்லாமல் திரிந்தவனை இவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். மொழி பிடிப்பதில் கெட்டிக்காரன். இந்த ஊர்ப் பாஷையை ஆறே மாதத்தில் இந்த ஊர்க்காரனுக்கே சொல்லித்தருகிற அளவுக்குப் பேச ஆரம்பித்துவிட்டான். இவர் சொல்வதை ஆட்டக்காரர்களுக்கும், கிளப் தலைவர் சொல்வதை இவருக்கும் அவன்தான் மாற்றிச் சொல்வான்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. வருஷாவருஷம் சல்லடையாக ஒழுகிக்கொண்டிருந்த அணி, இவர் வந்ததும் கோல் வாங்குவதை நிறுத்தியது. தலைவர் இவரைக் கட்டிப்பிடித்துப் படமெல்லாம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது வருஷம் தலைவருக்கு ஆசை வந்துவிட்டது. நல்ல டிஃபெண்டர் இரண்டு பேரை விற்றுவிட்டு, சுவரொட்டியில் அழகாக இருக்கிற ஒரு ஃபார்வர்டை வாங்கினார். நிருபர் ஒருத்தன் இவரிடம் மைக்கை நீட்டி அதைப் பற்றிக் கேட்டான். இவர் சும்மா இருந்திருக்கலாம். "கதவைக் கழட்டி வித்துட்டு ஜன்னலுக்குத் திரை வாங்கியிருக்காங்க," என்றார். தம்பி அதைக் கொஞ்சம் சர்க்கரை தடவி மாற்றிச் சொல்லியிருக்கலாம், ஆனால் அன்றைக்கென்று பார்த்து அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டான். ஊரே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

வரிசையாகத் தோற்க ஆரம்பித்ததும் வேலையைக் காட்டினார்கள். யாரும் வந்து 'நீ வேண்டாம்' என்று சொல்லவில்லை. அலுவலக அறையின் பூட்டு மாறியது. காலைப் பயிற்சியைத் தம்பி நடத்துவான் என்று கிளப் மேலாளர் தம்பியிடமே சொல்லியனுப்பினார். இவர் இனிமேல் பின் மைதானத்தைக் கவனித்துக்கொண்டால் போதுமாம். விஷயம் இதுதான்: அவர்களாக நீக்கினால் ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் சம்பளம் தர வேண்டும். இவராக விட்டுப்போனால் ஒன்றும் தர வேண்டாம். அதனால் இவரே வெறுத்துப்போய்க் கிளம்ப வேண்டும் என்று காத்திருந்தார்கள். ஒருநாள் வராவிட்டாலும் 'ஆள் ஓடிவிட்டார்' என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு இந்த வித்தை புதிதில்லை. எங்கள் கிளையில் ஒரு மேனேஜர் இருந்தார். யாருக்காவது கடன் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் 'இல்லை' என்று சொல்லவே மாட்டார். உட்காருங்க என்பார், நாளைக்கு வாங்க என்பார், அந்த சாரைப் பாருங்க என்பார். வந்த ஆளுக்கே அலுத்துப்போய் ஒருநாள் வராமல் போய்விடுவான். 'பாத்தீங்களா, நான் யாரையும் மறுத்ததே இல்லை' என்று டீ குடித்துக்கொண்டே சொல்வார். இந்தக் கிளப் தலைவரும் அந்த மேனேஜரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

பின் மைதானம் என்பது பெயருக்குத்தான். ஒரு பக்கம் துணி துவைக்கிற அறையின் சுவர், அதிலிருந்து நாளெல்லாம் சோப்பு வாசனையோடு வெந்நீர் ஆவி வரும். மறுபக்கம் நெடுஞ்சாலையின் கம்பி வேலி. கோல் கம்பம் ஒன்றுதான் உண்டு, அதன் வலையும் பாதி கிழிந்தது. மழை பெய்தால் பெனால்டி அடிக்கிற இடத்தில் குளமே உண்டாகும். அங்கே இவருக்கு முன்பே மூன்று பேர் கிடந்தார்கள். கிளப்புக்கு வேண்டாதவர்கள், ஆனால் ஒப்பந்தம் முடியாதவர்கள். ஒருவர் முதுகு பிடித்துக்கொண்ட வயதான கோல்கீப்பர். இன்னொருத்தன் தலைவரோடு சண்டை போட்ட தாடிக்காரன். மூன்றாவது ஆள் ஒரு நெட்டை, அவன் என்ன தப்பு செய்தான் என்று அவனுக்கே தெரியாது. மூவரும் காலையில் வருவார்கள், வேலிப்பக்கம் குந்துவார்கள், செல்போன் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள்.

புல்வெட்டும் இயந்திரம் இடத்தைப் பிடித்த அந்தக் காலையில் இவர் விந்தி விந்தி நடந்து போய் மூவருக்கும் நடுவில் நின்றார். இவருக்குத் தெரிந்த இந்த ஊர் வார்த்தைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். "எழுந்திரு," என்றார். தாடிக்காரன் ஏதோ முணுமுணுத்தான். கோல்கீப்பர் தோளைக் குலுக்கினார். இவர் மடங்காத காலை நீட்டிக்கொண்டு, ஒருக்களித்து நின்று பின்னால் நடந்து காட்டினார். ஓர் அடி, இன்னோர் அடி. ஆளில்லாத மைதானத்தில் ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஒருவர் யாரோ பந்தோடு வருகிற மாதிரி காற்றைப் பார்த்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டே இருந்தார். நான் வேலிக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டைதான் முதலில் எழுந்தான்.

ஒரு வாரம் போனது. தண்ணீர் தெளிக்கிற குழாயை ஒருநாள் பயிற்சி நேரமாகப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். இவர் நனைந்துகொண்டே நடத்தினார், கோல்கீப்பர் சோப்பு போடுவது மாதிரி கையைத் தேய்த்துக்காட்டிக் குளிக்க ஆரம்பித்தார், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இன்னொரு நாள் பந்துகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "பந்து எதுக்கு? டிஃபெண்டருக்குப் பந்து எதிராளிகிட்டதான இருக்கும்," என்று சொல்லிவிட்டு இவர் பந்தில்லாமலேயே நடத்தினார். ஊர்ப் பத்திரிகையில் 'பணத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்கும் பயிற்சியாளர்' என்று எழுதினார்கள். ஊரிலிருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பாவுக்கு என்ன வீம்பு? கிளம்பி வாங்கம்மா, மானம் போகுது," என்றாள். யாருடைய மானம் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் அதே அலுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டுக்கு வந்தான். தலைமைப் பயிற்சியாளர் போடுகிற நீளமான கோட்டு போட்டிருந்தான். தோளில் கிளப்பின் சின்னம் பளபளவென்று இருந்தது. வாசலிலேயே அதைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டான். பழைய பழக்கத்தில் நேரே சமையலறைக்கு வந்து, "அண்ணி, என்ன சமையல்?" என்றான்.  அவனுக்குப் பிடித்த ரசத்தை அன்றைக்கென்று பார்த்து வைத்துத் தொலைத்திருந்தேன், அது வேறு என் எரிச்சல்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் தம்பி. நான் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"அண்ணே, நான் சொல்றேன்னு கோவிச்சுக்கக் கூடாது. நீங்களே வேணாம்னு சொல்லிட்டா மரியாதையா போயிடும். உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம். முழங்கால்தான் இருக்கே."

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

"தலைவர் ரொம்ப வருத்தப்படறாருண்ணே."

"யாருகிட்ட?"

"எங்கிட்ட சொன்னாரு."

"எங்கிட்ட சொல்லட்டும்." இவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "என்னை வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும், தம்பி. உன் வாயால வேணாம். மேனேஜர் வாயால வேணாம். அவரு வாயால, என் மூஞ்சியைப் பாத்து சொல்லட்டும். அந்த நிமிஷமே நான் போயிடறேன். காசு கூட வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

"அவரு அப்படியெல்லாம் சொல்ற ஆளு இல்லண்ணே. அது அவருக்கு வராது."

"அப்ப எனக்குப் போக வராது."

தம்பி என்னைப் பார்த்தான். நான் சும்மா இருக்கவில்லை. "ஏன் தம்பி, அன்னைக்கு நிருபர்கிட்ட மட்டும் ஒரு எழுத்து விடாம சொன்னியே, அண்ணன் இப்ப சொல்றதையும் அதே மாதிரி போய் சொல்லேன்," என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, வந்த காரியமே வேறு என்று தெரிந்தது. சனிக்கிழமை ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். பின்வரிசை நாலு பேரும் நாலு திசையில் பிய்த்துக்கொண்டு போகிறார்கள், ஒருத்தன் முன்னால் ஏறினால் இன்னொருத்தன் பின்னால் நிற்கிறான், நடுவில் லாரியே போகலாம். தம்பி ஃபார்வர்டாக ஆடியவன், அவனுக்குக் கோல் போடத்தான் தெரியும்.

"எனக்கு மட்டும் ஒரு மணி நேரம் சொல்லிக் குடுங்கண்ணே. இங்கயே, வீட்டுலயே. யாருக்கும் தெரிய வேணாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் வேண்டாம் என்று துரத்துகிறார்கள், ஜெயிப்பதற்கு மட்டும் இவர் மூளை வேண்டுமாம். வாயைத் திறக்கப் போனேன், இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லித் தரேன். பசங்களை அனுப்பு. பட்டப்பகல்ல, பின் மைதானத்துக்கு. தலைவரு ரூம் ஜன்னல்லேருந்து நல்லா தெரியும்."

"அண்ணே, என் வேலை போயிடும்ணே."

"போனாலும் போகும்," என்றார் இவர் அமைதியாக.

தம்பி சாப்பிட்டு முடிக்கவில்லை. கோட்டை வாசலுக்கு வெளியே போய்த்தான் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் நான்தான் ஆட்டத்தை ஆரம்பித்தேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கத்தினேன். போதும் என்றேன். இந்த வீட்டு வாணலியும் போதும், இந்த ஊர் குளிரும் போதும், தினமும் காருக்குள் உட்கார்ந்து துவைக்கிற அறையின் சுவரைப் பார்த்தது போதும். தலைவர் வாயால் சொன்னால் என்ன, பூனை வாயால் சொன்னால் என்ன, போ என்றால் போக வேண்டியதுதானே. இவர் வழக்கம்போலப் பின்னால் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு என் கொக்கியில வேற சட்டை தொங்குச்சு இல்ல? நான் ஒருத்தன்கிட்டயும் ஏன்னு கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்? முட்டி போச்சுன்னு சொல்லியிருப்பான். நிஜம்தான். நானே சரின்னுட்டு வந்திருப்பேன். ஆனா எனக்கு இன்னைக்கு வரைக்கும் நான் எப்ப நிறுத்தினேன்னே தெரியல. பல்லு விளக்கறப்பக்கூட சில நாள் தோணும், இன்னைக்கு ட்ரெயினிங் இருக்குன்னு. யாரோ ஒருத்தன் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லவே இல்ல."

இத்தனை வருஷத்தில் இதை இவர் சொன்னதே இல்லை. 'லீவு' என்று சொல்லிப் பையை மூலையில் வைத்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பை கட்டிலுக்கு அடியில் அத்தனை வருஷம் ஏன் பிரிக்காமல் கிடந்தது என்றும், நான் துவைக்க எடுத்தபோதெல்லாம் ஏன் 'வேணாம், இருக்கட்டும்' என்றார் என்றும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இவர் மேல் பரிதாபத்தில் இல்லை, அத்தனை பேரும் குனிந்து லேஸ் கட்டினார்களே, அந்தக் கோபத்தில் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டேன்.

திங்கட்கிழமை முதல் அணியிலிருந்து யாரும் வரவில்லை. செவ்வாய், புதனும் வரவில்லை. வியாழக்கிழமை காலை நல்ல மழை. இவர் மூன்று பேரையும் குளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திப் பின்னால் நடக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் கார் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். துவைக்கிற அறையின் மூலையில் ஒருத்தன் தலை தெரிந்தது. அவன் பின்னால் இன்னொருத்தன். முதல் அணியின் பின்வரிசைக்காரர்கள் நாலு பேரும், கையில் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு, வெறும் செருப்போடு சேற்றில் வந்தார்கள். கொஞ்சம் தள்ளி, பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நீளக் கோட்டில் தம்பி. நான் குடையைக்கூட எடுக்காமல் இறங்கி உள்ளே ஓடினேன்.

"நான் அனுப்பலண்ணே," என்றான் தம்பி, மூச்சு வாங்க. "அவங்களா கிளம்பிட்டாங்க. என்னால தடுக்க முடியல."

"தடுக்கத் தெரிஞ்சிருந்தா நீ டிஃபெண்டர் ஆகியிருப்பியே," என்றார் இவர். அவ்வளவுதான், வேறு வரவேற்பு எதுவும் இல்லை.

கோல்கீப்பரிடம் இவர் ஏதோ சைகை காட்டினார். அவர் போய், கிழிந்த வலையைக் கம்பத்தோடு கட்டியிருந்த நீளக் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தார். இவர் வந்த நாலு பேரையும், தாடிக்காரனையும், நெட்டையையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். முதல் ஆளின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார், நாலு அடி விட்டு அடுத்தவன் இடுப்பில், அப்புறம் அதற்கடுத்தவன். ஆறு பேரும் ஒரே கயிற்றில். போஸ்டரில் வருகிற பெரிய சம்பளக்காரர்கள் சேற்றில் கட்டுண்டு நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இவர் கையைத் தூக்கி முன்னால் காட்டினார். இரண்டு பேர் ஓடினார்கள், மூன்று பேர் நின்றார்கள், நெட்டை முகங்குப்புற விழுந்தான். சிரிப்பு நின்றது. இவர் மறுபடி காட்டினார். இந்தத் தடவை இரண்டு பேர்தான் தடுமாறினார்கள். வலது, இடது, பின்னால், முன்னால். ஒருத்தன் தன் பாட்டுக்கு நகர்ந்தால் பக்கத்தில் இருக்கிறவன் இடுப்பில் சுள்ளென்று இழுக்கும். பேசுவதற்கு மொழியே தேவைப்படவில்லை. கயிறே பேசியது. கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் தலையைத் திருப்பிப் பார்க்காமலேயே சேர்ந்து நகர ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் தலைவர் வந்தார். மேலாளர் குடை பிடித்துக்கொண்டு வர, தோல் ஷூ சேற்றில் புதையப் புதைய நேராக மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. தம்பியைப் பார்த்துப் படபடவென்று பேசினார். தம்பி வெளிறிப்போய் இவரிடம் திரும்பினான்.

"அண்ணே, தலைவர் என்ன சொல்றாருன்னா…"

"நீ சொல்லாத," என்றார் இவர்.

 இவர் தலைவருக்கு எதிரில் போய் நின்றார். ஒருக்களித்து நிற்கவில்லை, ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை. நேருக்கு நேர் நின்றார். மழை இவர் தலையிலிருந்து வழிந்து மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் குடையின் கைப்பிடியைப் பார்த்தார். தலைவர் தம்பியைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான். கயிற்றில் நின்ற ஆறு பேரும் கோல்கீப்பரும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லு, சொல்லு என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு 'நாளைக்கு வாங்க' என்று சொல்லுகிற இடமா இது?

கடைசியில் அவர்தான் காலை விட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இவர் முகத்தைப் பார்த்து, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். இந்த ஊர்ப் பாஷை எனக்கும் அந்த அளவுக்குத் தெரியும். "உன்னை நீக்கிவிட்டேன். இன்றோடு."

இவர் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். சேற்றுக் கையை டிராக் பாண்ட்டில் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினார். தலைவர் யோசிப்பதற்குள் அவர் கையும் தானாக நீண்டுவிட்டது. "நன்றி," என்றார் இவர், இந்த ஊர் மொழியிலேயே. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. வேலை போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட குடும்பம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

தலைவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். இவர் தலையை ஆட்டினார். "இதை முடிச்சிட்டுப் போறேன்," என்றார். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கயிற்றுப் பக்கம் போய், மூன்றாவது ஆளின் இடுப்பில் தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கினார்.

மேலாளர் ஏதோ சத்தம் போட்டார். தலைவர் ஆட்டக்காரர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். 'அவிழ்' என்று அர்த்தம். முதல் அணியின் இடப்பக்கத்து ஆள் தன் இடுப்பு முடிச்சில் கை வைத்தான். பக்கத்திலிருந்த தாடிக்காரன் அவனைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். அவன் கையை எடுத்துவிட்டான். மழை பெய்துகொண்டே இருந்தது. ஒருத்தரும் அவிழ்க்கவில்லை.

"தம்பி, பந்தை வை," என்றார் இவர். "இவங்க மேல வா. எவ்வளவு வேகமா வேணும்னாலும் வா."

தம்பி பந்தை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டான். இவரைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், மறுபடி இவரைப் பார்த்தான். கோட்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாவம், அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவன் முடிவெடுக்கிற வரைக்கும் மழையில் நின்றுகொண்டிருக்க என்னால் முடியாது. நேராக அவனிடம் போனேன். அவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினேன். அவன் தடுக்கவில்லை.

பந்தைப் புல்லில் வைத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. புடவைத் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தலைவரைத் தாண்டி, குடையைத் தாண்டி, பந்தை முன்னால் தட்டிவிட்டு அதன் பின்னாலேயே ஓடினேன். இவர் கையைத் தூக்கினார். கயிறு விறைத்தது. ஆறு பேரும் முழங்காலை மடித்து, ஒருக்களித்து, ஒரே ஆளாகச் சேற்றில் ஓர் அடி எடுத்து வைத்தார்கள்.